நான் எழுதிக் கொடுத்த வருத்தக் கடிதம்

புதிதாக வக்கீல் தொழிலுக்கு வந்திருப்பவர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்து ஆட்கள் இரண்டு முறை வீடு தேடி வந்து கேட்டுவிட்டார்கள். ஜெயித்த கேஸ்களைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அடுத்தவன் ஜெயித்த கேஸைப் படித்து எந்த ஜூனியரும் உருப்பட்டதாக எனக்குத் தெரியாது. நான் கெடுத்த ஒன்றைச் சொல்கிறேன். படித்துவிட்டு, கோர்ட்டு வராந்தாவில் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்லாமல் போனாலும் சரி, எனக்கு வருத்தமில்லை.

என் ஆபீஸ் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்தது. ஆனால் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் நாமக்கல், திருச்செங்கோடு பக்கம். லாரி வைத்திருப்பவர்கள், போர்வெல் வண்டி வைத்திருப்பவர்கள், கோழிப்பண்ணைக்காரர்கள். கூட்டுத் தொழிலுக்குப் பத்திரம் எழுதுவது, கூட்டு உடைந்தால் பிரித்துக் கொடுப்பது, இதுதான் என் பிழைப்பு. இந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்கே தெரியும். ஒரு குடும்பத்துக்கு ஒரு வக்கீல். காடு, தோட்டம் வாங்கினாலும் அவர்தான், கம்பெனி ஆரம்பித்தாலும் அவர்தான். அண்ணன் தம்பிக்குள் முட்டிக்கொண்டால்கூட இரண்டு பேரும் அதே ஆபீஸ் படியைத்தான் ஏறுவார்கள். "நம்ம வக்கீலு" என்பார்கள். அதைக் கேட்கக் கேட்க நமக்குத் தலைக்கனம் ஏறும். எனக்கு நன்றாகவே ஏறியிருந்தது.

அப்படி ஒரு குடும்பம். பெயர்களை மாற்றித்தான் சொல்கிறேன். அப்பா காலத்திலிருந்தே நான்தான் அவர்களுக்கு வக்கீல். மகன் தங்கவேலுக்குத் திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள். மகள் சுமதி, பிரசவ டாக்டர். அண்ணன் இடமும் கட்டடமும் போட, தங்கை தொழிலைப் போட, நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார்கள். பத்திரம் எழுதியது நான். திறப்பு விழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டதும் நான்தான்.

ஒரு டாக்டரை "அவள்" என்று எழுதுகிறேனே என்று உங்களுக்குத் தோன்றலாம். பாவாடை சட்டை போட்ட நாளிலிருந்து தெரிந்த பெண், என் வாயில் அப்படித்தான் வரும். டாக்டராகி, பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டம் சேர்ந்த பிறகும் எனக்கு அவள் "அம்மிணி"தான். கட்சிக்காரரைக் குழந்தையாகப் பார்ப்பது பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்வதைக் காதில் வாங்காமல் இருப்பதற்கு அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

நாலைந்து வருடம் நன்றாகப் போயிற்று. பிறகு அண்ணனுக்கு ஆஸ்பத்திரியைப் பெரிதாக்க வேண்டும் என்று ஆசை. வெளியிலிருந்து டாக்டர்களைக் கூட்டி வந்தார். தகுதி பார்க்காமல் ஆள் எடுக்காதே என்று தங்கை சண்டை போட்டாள். வார்த்தை தடித்தது. அண்ணன் நர்சுகளைக் கூப்பிட்டு, "எதா இருந்தாலும் முதல்ல எனக்குச் சொல்லோணும், அதுக்கப்புறந்தான் டாக்டரம்மாவுக்கு" என்று உத்தரவு போட்டுவிட்டார். போர்வெல் வண்டியில் டிரைவர் முதலாளிக்குத்தான் முதலில் போன் செய்வான், அதே கணக்கு. ஆஸ்பத்திரியில் அது எப்பேர்ப்பட்ட உத்தரவு என்பது அவருக்கும் உறைக்கவில்லை, கேள்விப்பட்ட எனக்கும் உறைக்கவில்லை.

ஆட்டையாம்பட்டியிலிருந்து ஒரு தறிக்காரர் தன் மனைவியைத் தலைப்பிரசவத்துக்கு அங்கே சேர்த்திருந்தார். காலையில் சுமதி ஆபரேஷன் செய்து, பெண் குழந்தையை நல்லபடியாக எடுத்துக் கொடுத்துவிட்டு, இன்னின்னதைக் கவனியுங்கள் என்று எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மதியத்துக்கு மேல் அந்தப் பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. நர்சு, உத்தரவுப்படி, அண்ணனுக்குப் போன் செய்தாள். அண்ணன், தான் கூட்டி வந்த டியூட்டி டாக்டரைப் பார்க்கச் சொன்னார். அந்த ஆள் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறான். சுமதிக்குப் போன் வந்தது இரண்டு மணி நேரம் கழித்து. ஓடிப் போய் மறுபடியும் ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றினாள். ஆனால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அந்தத் தறிக்காரர் கோபப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை. நானாக இருந்தால் கண்ணாடியை உடைத்திருப்பேன். அவர் நேராக அண்ணனிடம் வந்து, "எம் பொண்டாட்டிக்கு என்னாச்சு, யாரு தப்பு, அதை மட்டும் சொல்லுங்க" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் இதை நான் எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

இதற்குமேல் கூட்டு வேண்டாம் என்று அண்ணன், தங்கை இரண்டு பேருமே முடிவுக்கு வந்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஆபீஸில் பேசி முடிக்க உட்கார்ந்தோம். சொந்தத்தில் பெரியவர்கள் நாலு பேர், அண்ணன், தங்கை, நடுவில் நான். நான் யாருக்கு வக்கீல் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் வேண்டியவன் என்ற பெருமையோடு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். தம்பிகளா, தங்கச்சிகளா, இரண்டு பேருக்கும் வேண்டியவன் சமையல்காரனாக இருக்கலாம், கல்யாணத் தரகராக இருக்கலாம். வக்கீலாக இருக்க முடியாது.

ஆஸ்பத்திரி அண்ணனுக்கு, அவளுடைய கருவிகளும் தனியாகத் தொழில் செய்யும் உரிமையும் தங்கைக்கு என்று சாயந்திரத்துக்குள் படிந்துவிட்டது. கடைசியில் அண்ணன் முறுக்கிக்கொண்டார்.

"எல்லாஞ் சரிங்க. என்னைய நாலு பேரு முன்னால கேவலமாப் பேசியிருக்குது. ஆஸ்பத்திரி பேரு கெட்டுப் போச்சு. ஒரு வருத்தமாச்சும் எழுதித் தரோணுமுங்க."

பெரியவர்களில் ஒருவர் உடனே, "அதுக்கென்ன சாமி, சின்னவதானே, ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போறா" என்றார்.

இந்த வருத்தக் கடிதம் நம் பக்கத்தில் சாதாரண விஷயம். பாகப் பிரிவினையோ, தொழில் பிரிவினையோ, வயதில் சிறியவர் எவரோ அவர் வருத்தம் தெரிவித்து ஒரு காகிதம் கொடுப்பார். பெரியவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அதோடு எல்லாரும் எழுந்து சாப்பிடப் போவார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமே இல்லை. நூற்றுக்கணக்கில் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கும் பேனாவைத் திறந்து மளமளவென்று எழுதினேன். "என்னுடைய கவனக்குறைவினால் நோயாளிக்கும் மருத்துவமனைக்கும் நேர்ந்த பாதிப்புக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்."

சுமதி அதை வாங்கி இரண்டு முறை படித்தாள். என்னைத் தனியாக உள்ளறைக்குக் கூப்பிட்டாள்.

"சார், கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்க. எனக்குப் போன் வந்ததே லேட்டுங்க. நேரம் எல்லாம் என் போன்ல இருக்குது. இது நாளைக்கு மெடிக்கல் கவுன்சிலுக்குப் போச்சுன்னா என்னாகும்?"

"இது எங்கே அம்மிணி கவுன்சிலுக்குப் போவுது? உங்க அண்ணன் சட்டைப் பையைத் தாண்டாது."

"மெட்ராஸ்ல டாக்டருங்க கேஸ் மட்டும் பாக்கற ஒரு வக்கீலம்மா இருக்காங்களாமுங்க. ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. முகம் சுண்டிப் போனது எனக்கே தெரிந்தது. "கேளு, தாராளமாக் கேளு. உங்கப்பா காலத்துல இருந்து பாத்தவன் சொல்றதுல நம்பிக்கை இல்லேன்னா கேட்டுக்க வேண்டியதுதானே" என்றேன். வெளியே நாலு பெரியவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். இவள் போய் மெட்ராசுக்குப் போன் போட்டுக்கொண்டு நின்றால் என் மரியாதை என்னாவது! அதுதான் என் யோசனை. அவள் வெளியே வந்து கையெழுத்துப் போட்டாள்.

மூன்றே வாரம். மருத்துவக் கவுன்சிலிலிருந்து அவளுக்கு நோட்டீஸ் வந்தது. தறிக்காரர் புகார் கொடுத்திருந்தார். புகாரோடு நான் எழுதிய கடிதத்தின் நகல் இருந்தது. என் கை எழுத்தை எனக்குத் தெரியாதா?

தங்கவேலுக்குப் போன் செய்து கத்தினேன். அவர் கத்தவே இல்லை. "நாந்தானுங்க குடுத்தேன்" என்றார் சாவகாசமாக. "அந்தாளு சனத்தைக் கூட்டிட்டு வந்து ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்துக்கிட்டான். யாரு தப்புன்னு கேக்கறான். நான் என்னத்தச் சொல்றது? கையில கடுதாசி இருந்துச்சு, குடுத்துட்டேன். நானா எழுதுனேன்? நீங்க எழுதுனதுதானுங்களே."

நான் ஆடிப்போய்விட்டேன். அந்த ஆள் பொய்யே சொல்லவில்லை, பாருங்கள்.

அடுத்து நான் செய்தது இன்னும் மோசம். நோட்டீசுக்குப் பதில் எழுதினேன். பாகஸ்தர் வழக்குக்கு எழுதுகிற அதே பாணியில், புகார் முழுவதும் பொய், உள்நோக்கம் கொண்டது, புகார்தாரர்தான் ஒவ்வொன்றையும் நிரூபிக்கக் கடமைப்பட்டவர் என்று ஆறு பக்கம். அதைப் படிக்கப் போகிறவர்கள் டாக்டர்கள். எத்தனை மணிக்கு என்ன ஆயிற்று, நீ என்ன செய்தாய் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். என் பதிலில் அது ஒரு வரி இல்லை. போன் வந்த நேரத்தைப் போட வேண்டும் என்று சுமதி கெஞ்சாத குறையாகச் சொன்னாள். அதைப் போட்டால் அண்ணன் உத்தரவு போட்டது வெளியே வரும். அண்ணனும் என் கட்சிக்காரர். "அண்ணனை எதுக்கு அம்மிணி இழுக்கறே, குடும்பம் நாளைக்கு ஒண்ணு சேரோணும்" என்று அவள் வாயை அடைத்தேன். சேரப் போகிற குடும்பத்துக்காக அவளிடம் இருந்த ஒரே சாட்சியத்தை நானே புதைத்தேன்.

அவள் விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மெட்ராஸ் வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்திருக்கிறாள். அந்த அம்மா முறையானவர். ஏற்கெனவே வக்காலத்து போட்ட வக்கீலிடம் ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்கி வாருங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சுமதி வந்து என் முன்னால் நின்று, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எழுதித் தாரேன் அம்மிணி, அதுக்கென்ன" என்றேன். தரவில்லை. மறுக்கவும் இல்லை. இன்றைக்குக் குமாஸ்தா லீவு, நாளைக்கு எனக்கு ஈரோட்டில் கேஸ், அடுத்த வாரம் பார்க்கலாம். இப்படியே விசாரணைத் தேதி வந்துவிட்டது. வக்கீலை மாற்றக் கேட்கிற கட்சிக்காரருக்கு அன்றைக்கே, அந்த நிமிஷமே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நான் கொடுக்காமல் இழுத்தடித்தது ஒரு அரைப் பக்கக் காகிதம். அவளைக் காப்பாற்றியிருக்கக் கூடியது அது ஒன்றுதான்.

விசாரணை அறையில் மூன்று டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலை நரைத்த ஓர் அம்மாள். கடுமையாக எல்லாம் பேசவில்லை. தறிக்காரர் தன் மனைவியோடு வந்திருந்தார். அந்தப் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுமதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கீல்கள் கூட உட்காரலாம், கேட்டால் பேசலாம் என்றார்கள். நான் சுமதிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

"எனக்குப் போன் வந்தது ரெண்டு மணி நேரம் லேட்டா மேடம்" என்று ஆரம்பித்தாள் சுமதி.

"அப்படியா? அதை ஏன் உங்க பதில்ல சொல்லல?" என்றார் அந்த அம்மாள். என் ஆறு பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். "இதுல அந்த மாதிரி ஒண்ணுமே இல்லையே. இப்ப யோசிச்சுச் சொல்றீங்களா?"

பிறகு அவர் அந்தக் கடிதத்தை எடுத்தார். நகலை மேசையில் எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"கவனக்குறைவுன்னு இதுல இருக்கு. கையெழுத்து உங்களுது. ஆனா இதை எழுதின கை வேற மாதிரித் தெரியுதே. யார் எழுதினது, டாக்டர்? எந்தச் சந்தர்ப்பத்துல எழுதினது?"

கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வா என்று கூப்பிடுகிற கேள்வி அது. நான் எழுந்து, "நான்தான் எழுதினேன், தொழில் பிரிவினையில் சமாதானத்துக்காக எழுதியது, மருத்துவத் தவறை ஒப்புக்கொண்டு எழுதியது அல்ல" என்று சொன்னால் போதும். நாலு வரி. நான் எழுந்திருக்கவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்பதும் எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது. அந்தப் பிரிவினையில் நீங்கள் யாருடைய வக்கீல்? அண்ணனுக்குமா? என் பெயரில் பார் கவுன்சிலுக்கு ஒரு புகார் போகும். என் வக்கீல் உரிமம் ஆட்டம் காணும். இத்தனை வருடம் சம்பாதித்த பெயர்! குனிந்து கோப்பில் எதையோ தேடுகிற மாதிரி பக்கங்களைப் புரட்டினேன்.

சுமதி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. பிறகு சொன்னாள்.

"நான்தான் மேடம் எழுதச் சொல்லி எழுதினது. என் கடிதம்தான்."

அவள் பெயரைப் பதிவேட்டிலிருந்து ஒரு வருடத்துக்கு நீக்கினார்கள். அந்த ஒரு வருடம் ஒரு நோயாளியைத் தொடக் கூடாது. மேல்முறையீடு போகலாம் என்றேன். "போதுங்க சார்" என்றாள். தனியாக ஆரம்பிக்க இருந்த கிளினிக்கின் போர்டு எழுதுகிற இடத்திலேயே நின்றுபோயிற்று. கடிதமோ வாட்ஸ்அப்பில் நாமக்கல் முழுக்கச் சுற்றியது. வருடம் முடிந்து பெயரைத் திரும்பச் சேர்க்க அவள் விண்ணப்பிக்கவே இல்லை.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் ஓய்வு பெற்றபோது சங்கத்தில் பொன்னாடை போர்த்தி, ஒரு புகார்கூட இல்லாத தொழில் வாழ்க்கை என்று மைக்கில் பேசினார்கள். கை தட்டினார்கள். எனக்கு மேடையிலிருந்து குதித்து ஓடிவிடலாம் போல இருந்தது.

ஒரு வாரம் உட்கார்ந்து பிரமாணப் பத்திரம் ஒன்று எழுதினேன். கடிதத்தை எழுதியது நான், இரண்டு தரப்புக்கும் நான் வக்கீலாக இருந்தேன், போன் வந்த நேரத்தை மறைக்கச் சொன்னது நான், வேறு வக்கீலிடம் போக விடாமல் செய்ததும் நான். ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு நாமக்கல் போனேன். நீட் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுக்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். டாக்டராகப் போகிற பிள்ளைகளுக்கு அவள் பாடம் எடுக்கிறாள்.

பார்வையாளர் அறையில் உட்கார வைத்தார்கள். வந்தாள். முன்பைவிட இளைத்திருந்தாள். "வாங்க சார், நல்லாருக்கீங்களா?" என்று முறையாக விசாரித்தாள். பத்திரத்தை நீட்டினேன். நின்றபடியே நிதானமாக, கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"எல்லாம் கரெக்டா எழுதியிருக்கீங்க சார்."

"இதை எங்கே வேணாலும் வந்து சொல்றேன் அம்மிணி. நீ திரும்பப் பதிவு பண்ணு. அன்னைக்கு நீ என்னைக் காப்பாத்தறதுக்காகப் பழியை உன் தலையில போட்டுக்கிட்டே. அதை நான் மறக்கவே இல்லை" என்றேன்.

சுமதி காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். நிஜமாகவே புரியாதவள் மாதிரி என்னைப் பார்த்தாள்.

"உங்களைக் காப்பாத்தவா? இல்லீங்க சார். அந்த மேடம் கேட்டப்ப நீங்க எந்திரிப்பீங்கன்னு உங்களையேதான் பாத்துட்டிருந்தனுங்க. நீங்க எந்திரிக்கல. எங்க வக்கீலு எழுதுனதுன்னு நான் சொல்லிப்போட்டு, நீங்க இல்லவே இல்லைன்னுட்டீங்கன்னா? அதைக் காதுல கேக்க எனக்குத் தெம்பு இல்லீங்க. அதுக்குத்தான் என்னுதுன்னு சொல்லிப்போட்டேன்."

பத்திரத்தை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "கிளாஸ் இருக்குதுங்க, வாரேனுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒருநாளும் இல்லை என்று சொல்லியிருக்க மாட்டேன் அம்மிணி என்று அவள் முதுகைப் பார்த்துச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. சொல்லியிருக்க மாட்டேன் என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை.